சும்மா சுற்றிய ஸ்டியரிங்

எங்கள் தென்னந்தோப்பில் ஓடும் மினி டிராக்டருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. போன மாதம் வரப்போரம் திருப்பும்போது ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. "ஸ்டியரிங் பாக்ஸ் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்றார்கள் பட்டறையில். எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் முன் டயர்களின் காற்றைச் சரிபார்த்தேன். ஒன்றில் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கிக் கட்டை கொடுத்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங் அல்லது கிங்பின் புஷ் தேய்ந்திருக்கும். இரண்டும் நன்றாகவே இருந்தன.

வண்டியை இறக்கி, மகனை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தேன். இடது டை ராடு முனையில் ரப்பர் உறை கிழிந்திருந்தது. கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண். உள்ளே பந்து லொடலொடவென்று ஆடியது. கோளாறு அங்கேதான்.

பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினேன். அது மாறினால் சக்கரங்களின் நேர் கெட்டு டயர் ஒருபக்கமாகத் தேயும்.

ஸ்டியரிங் பாக்ஸ் மேலுள்ள அட்ஜஸ்ட் திருகை எடுத்த எடுப்பில் இறுக்கிவிடாதீர்கள். அளவு மீறினால் முழுத் திருப்பத்தில் ஸ்டியரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மூட்டுகளைப் பார்த்த பிறகே பாக்ஸில் கை வையுங்கள். ஆட்டம் தீரும்வரை டிரெய்லர் மாட்டி ரோட்டில் ஏற வேண்டாம்.