இளைச்ச எலியும் குறையாத கொழுப்பு செல்லும்

போன வருஷம் நான் 11 கிலோ குறைச்சேன். இந்த வருஷம் அதுல 8 கிலோ திரும்பி வந்துடுச்சு. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "வாயைக் கட்டத் தெரியலை." நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன், சில எலிகளைப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜூல்ஸ் ஹிர்ஷின் குழு 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வளர்ந்த எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தாங்க. எலிகள் குண்டாச்சு. அதுல ஆச்சரியம் இல்லை. முதல்ல, ஏற்கெனவே இருந்த கொழுப்பு செல்கள் பலூன் மாதிரி பெருத்தன. ஓர் அளவைத் தாண்டினதும் புது செல்கள் உருவாக ஆரம்பிச்சது.

அப்புறம் பழைய சாதாரணத் தீனிக்கே மாத்தினாங்க. பெருத்த செல்கள் சுருங்கின. ஆனா எண்ணிக்கை குறையலை.

சரி, இதனால என்ன? கொழுப்பு செல் சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அது லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். "கையிருப்பு போதும்"னு மூளைக்குப் போற தகவல் அது. செல்கள் சுருங்கும்போது லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம்னு எடுத்துக்கும். பசியைக் கூட்டும், உடம்பு செலவழிக்கிற சக்தியைக் குறைக்கும்.

செல் ரொம்பப் பெருத்தாலும் பிரச்சினைதான். அது இன்சுலின் சொல்றதைச் சரியாக் கேட்காது. கொழுப்பு அமிலங்களை ரத்தத்துல அதிகமா விடும். அது கல்லீரல்லயும் தசையிலயும் போய்ச் சேரும். சர்க்கரைக் கட்டுப்பாடு தடுமாறுறதுக்கு இது ஒரு முக்கியமான வழி.

"எலிக்குச் சரி, மனுஷனுக்கு?"ன்னு கேப்பீங்க. 2008-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், எடை குறைக்க அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்களைப் பரிசோதிச்சாங்க. எடை நல்லாக் குறைஞ்சிருந்தது, செல்கள் சின்னதாகியிருந்தன, எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. வருஷத்துக்குச் சுமார் 10 சதவீத செல்கள் செத்து, அதே அளவு புதுசா வருதுன்னும் கண்டுபிடிச்சாங்க.

இதை நான் சாக்காச் சொல்லலை. சுருங்கின செல் இன்சுலினுக்கு நல்லா வேலை செய்யும், அதனால எடை குறைச்சா பலன் நிச்சயம் உண்டு. ஆனா அந்தச் செல்கள் எங்கேயும் போகலை. அதனால இந்தத் தடவை என் திட்டம் 'மூணு மாச டயட்' இல்லை. குறைச்ச பிறகும் விடாமப் பண்ண முடியுற சாப்பாடு, நடை, இவ்வளவுதான். வாயைக் கட்டச் சொல்றவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்பிட்டேன். நீங்களும் அனுப்புங்க.