பிரிந்தும் பிரியாதார்

ஊர் பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆனோர் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், விஜயபுரம், நகரி வட்டாரங்களில் வழிவழியாகத் தமிழ் பேசிவரும் குடும்பங்கள் அத்தகையன. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வூர்களோ ஆந்திரத்திலேயே நின்றன. பிழைப்பை நாடித் திருப்பதிக்கும், அப்பால் மும்பைக்கும் தில்லிக்கும் சென்று குடியேறிய தமிழரும் பலர். இவ்விரு திறத்தார் முன்னும் நிற்கும் வினா ஒன்றே. பிள்ளைகள் வேற்றுமொழி கற்று வளரும் இடத்தில், ஒரு சிறு கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தன் உறவைக் காப்பது எங்ஙனம்? இதற்கு விடை காண, மிகச் சிறு தொகையினராய் மிக நெடுங்காலம் வாழ்ந்த கொச்சி யூதரின் வரலாற்றை நோக்குவோம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவரான ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு ஒன்று வழங்கினான். வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற அவ்வேடு, அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும், பகல் விளக்கு, குடை உள்ளிட்ட 72 சிறப்புரிமைகளையும் அவருக்கு அளித்தது. பின்னர் 1568-இல், மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டியே பரதேசி யூதரின் தொழுகைக் கூடம் எழுந்தது. 1968-இல் அதன் நானூறாவது ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். இந்திய அரசு அஞ்சல்தலையும் வெளியிட்டது. அரசரின் ஆதரவும் அண்டை அயலாரின் அன்பும் இவர்களுக்குக் குறைவின்றிக் கிட்டின. ஆயின் செப்பேடு உரிமையைத் தரும், உறவைத் தராது. உறவை வளர்த்தவை வேறு.

அவற்றுள் முதலாவது, 'மின்யான்' என்னும் முறை. வயது வந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றிக் கூட்டுத் தொழுகை முழுமை பெறாது. வேதச் சுருளை விரித்து ஓதுதலும் இயலாது என்பது யூத சமய விதி. ஒன்பது பேர் வந்திருந்தாலும் பத்தாமவருக்காகக் காத்திருத்தல் வேண்டும். செல்வராயினும் வறியராயினும் ஒருவர் ஒருவரே. நான் போகாவிடில் என்ன குறைந்துவிடும் என்று எவரும் எண்ண இயலாத ஏற்பாடு இது.

இரண்டாவது, பெண்டிரின் பாட்டு. திருமணத்திலும் திருநாளிலும் யூத மகளிர் மலையாளத்தில் பாடல்கள் பாடி வந்தனர். அவற்றைக் கையேடுகளில் எழுதி வைத்துக்கொண்டனர். தாயின் ஏட்டைப் பார்த்து மகள் படியெடுத்தாள். அவள் ஏட்டிலிருந்து பேர்த்தி எடுத்தாள். தொழுகைக்கு எபிரேயமும், இல்லத்திற்கு மண்ணின் மொழியுமாக இருவழியிலும் மரபு தழைத்தது.

இச்சமூகத்திற்கு ஒரு குறையும் இருந்தது. அதனை மறைத்தல் முறையன்று. பிற்காலத்தில் வந்த பரதேசி யூதர், தொன்றுதொட்டு வாழ்ந்த மலபார் யூதரோடு மணவுறவு கொள்ளாது ஒதுங்கினர். அடிமைநிலையினின்று விடுவிக்கப்பெற்றோரின் வழிவந்தவர்களுக்கோ பரதேசிகளின் கூடத்தில் சமமான இடமே இல்லை. அம்மரபில் தோன்றிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882-1967) காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் இக்கொடுமையை எதிர்த்து நின்றார். தடைகள் மெல்லத் தளர்ந்தன. ஆனால் அவை முற்றும் நீங்குமுன்னரே குடிபெயர்வு தொடங்கிவிட்டது.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியதும், முன்னோர் பூமிக்குத் திரும்பும் ஆவல் எழுந்தது. எவரும் இவர்களைத் துரத்தவில்லை. சமயப் பற்றே அழைத்தது. யானைக்கால் நோய் தம் நாட்டில் பரவுமோ என்று அங்குள்ள அதிகாரிகள் அஞ்சியமையால் பயணம் சில ஆண்டுகள் தாமதித்தது. எனினும் 1950-களின் நடுவில் பெரும்பாலோர் சென்றடைந்து, நெகேவ் பாலை நிலத்து நெவாத்திம், எருசலேமை அடுத்த மெசிலாத் சியோன் முதலிய சிற்றூர்களில் ஒருங்கே குடியமர்ந்தனர்.

அங்கே பிள்ளைகள் எபிரேயமே பேசினர். மலையாளப் பாட்டு ஓய்ந்தது. ஆயினும் ஏடுகள் பெட்டிகளில் இருந்தன. 1970-களில் ஆராய்ச்சியாளர் வந்து கேட்டபோது முதிய மகளிர் அவற்றை வெளியே எடுத்தனர். மீண்டும் கூடிப் பாடினர். கொச்சியில் பிறந்து 1951-இல் இஸ்ரேல் சென்ற ரூபி தானியேல் அம்மையார் அப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2005-இல் மலையாளமும் எபிரேயமும் எதிரெதிரே அமைந்த பாடற்றொகுதி எருசலேமில் வெளிவந்தது. அதன் பெயரின் முதற்சொல் 'கார்குழலி'. தமிழராகிய நமக்கு அச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

மட்டாஞ்சேரியிலோ நிலைமை வேறு. கூடம் இன்றும் அழகு குன்றாது நிற்கிறது. காண வருவோர் பலர். ஆனால் ஊரவரைக் கொண்டு பதின்மரைச் சேர்த்தல் இயலாது போயிற்று. வெளியூர் யூதர் எவரேனும் வந்தாலன்றிக் கூட்டுத் தொழுகை நிகழாத நாள்கள் வந்தன. கட்டடம் எஞ்சியது, பத்தாமவர் எஞ்சவில்லை.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தை, ஒருவர் வாராவிடினும் குறை தோன்றும்படி, சிறிதாகவும் தவறாததாகவும் நடத்துவோம். பாட்டிமார் அறிந்த தாலாட்டையும், நலங்குப் பாட்டையும், கும்மியையும் அவர்கள் உள்ளபோதே ஏட்டில் எழுதி வைப்போம். பிள்ளைகள் இன்று படியாவிடினும் நாளை தேடுவர். எல்லாவற்றினும் மேலாக, சாதியும் மாவட்டமும் பேச்சு வழக்கும் கேட்டு எவரையும் வாயிலில் நிறுத்தாதிருப்போம். நாம் இன்று வெளியே நிறுத்தும் ஒருவரே, நாளை நாம் காத்திருக்கும் பத்தாமவராக இருத்தல் கூடும்.