பெரிய பள்ளிக்கூடம்: பார்த்துச் சேர்ப்பது எப்படி?

மே மாதம் பிறந்துவிட்டால் பட்டணத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்பார். பதிலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "அந்தச் சர்க்கார் பள்ளிக்கூடமா? ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம். யார் கவனிப்பார்கள்?" என்பார் ஒருவர். "அங்கே படித்த பையன்தானே போன வருஷம் டாக்டருக்குப் போனான்!" என்பார் இன்னொருவர். கேட்கிற பெற்றோருக்குத் தலை சுற்றும்.

அண்டை அயலார் அபிப்பிராயம் புளியங்காயைப் போல. ஊறுகாய்க்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் அரசினர் மேல்நிலைப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஆகவே, நேரில் பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்டு முடிவு செய்வதே உத்தமம்.

பெரிதாக இருப்பதில் லாபம் என்ன?

பள்ளி பெரிதாக இருப்பது குறையா, நிறையா என்று முதலில் யோசிக்க வேண்டும். சிறிய பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தாலே அதிகம். பெரிய பள்ளியில் உயிரியலோடு கணிதம், கணிப்பொறியோடு கணிதம், வணிகவியல், தொழிற்கல்வி என்று நாலைந்து பிரிவுகள் இருக்கும். தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே சுவருக்குள் இருக்கும். விளையாட்டு மைதானம், சாரணர் படை, என்.சி.சி. எல்லாம் எண்ணிக்கை இருந்தால்தான் நிலைக்கும்.

நஷ்டமும் உண்டு. வாய் திறந்து கேட்கத் தெரிந்த பிள்ளை பெரிய பள்ளியில் பிழைத்துக்கொள்ளும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமலேயே இரண்டு வருஷத்தைக் கழித்துவிடக் கூடும். ஒரு வகுப்பில் எத்தனை பேர், வகுப்பாசிரியர் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பவற்றைக் கவனிப்பது இதனால்தான் அவசியமாகிறது.

சதவிகிதம் என்னும் மாயம்

"எங்கள் பள்ளியில் தொண்ணூற்றேழு சதவிகிதம் தேர்ச்சி" என்று வாசலில் பெரிய பலகை தொங்கும். அதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. உதாரணமாக, ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 240 பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறு வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் 190 பேர். தேறியவர்கள் 185 பேர். தேர்ச்சி 97 சதவிகிதம்! இன்னொரு பள்ளியிலும் ஒன்பதில் 240 பேர். பரீட்சை எழுதியவர்கள் 230, தேறியவர்கள் 207. தேர்ச்சி 90 சதவிகிதந்தான்.

பலகையைப் பார்த்தால் முதற் பள்ளியே சிறந்தது. ஆனால் அந்த 50 பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஊர் மாறிப் போனவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்கள்? தேறமாட்டார்கள் என்று ஒன்பதிலேயே நிறுத்திவைக்கப்பட்டவர்களா, சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பப்பட்டவர்களா? சேர்ந்த 240 பேரையும் கணக்கில் வைத்துப் பார்த்தால், முதற் பள்ளி கரையேற்றியது 77 சதவிகிதம். இரண்டாவது பள்ளி 86 சதவிகிதம். எந்தப் பள்ளி பிள்ளையைக் கைவிடாத பள்ளி என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில்தான் பலவீனமான பிள்ளைக்குச் சோதனை ஆரம்பமாகிறது. ஆகையால் "ஒன்பதில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர்?" என்ற ஒரு கேள்வி பலகைகள் பத்துக்குச் சமானம். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாட்டு அரசு 2017ல் நிறுத்திவிட்டது. ஒரு பிள்ளை வாங்கிய மார்க்கைக் கொண்டு ஒரு பள்ளியை எடை போட முடியாது.

ஆசிரியர் இருக்கிறாரா?

அடுத்தது உபாத்தியாயர்கள். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்களும், பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்களும் பாடம் நடத்துகிறார்கள். பாடவாரியாக விசாரிக்க வேண்டும். இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது மாறுதலாகிப் போனவர் இடம் காலியாகவே கிடக்கிறதா? தற்காலிக ஆசிரியர் என்றால் எந்த மாதம் வந்தார்? இதைக் கேட்பதில் தவறில்லை. நல்ல தலைமை ஆசிரியர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

சோதனைச்சாலையைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடங்களின் நூறு மார்க்கில் 20 மார்க் செய்முறைக்கு. புட்டிகளின் மேல் தூசி படிந்திருந்தால், அந்த இருபது எப்படி வருகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார்களா, அல்லது முதல் வருஷமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிவிடுகிறார்களா என்பதும் முக்கியம். நீட் தேர்வில் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது.

தெரியாமல் இழக்கும் சலுகை

பல பெற்றோர் கோட்டை விடுகிற இடம் இதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமாயிற்று. மறு வருஷம் என்ஜினீயரிங் முதலிய தொழிற் படிப்புகளுக்கும் அது வந்தது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளியாகவே கணக்காகும். ஆனால், பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்து, "இனிமேலாவது நல்ல பள்ளியில் போடுவோம்" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள், பணத்தோடு இந்த உரிமையையும் சேர்த்து இழக்கிறார்கள். தனியாரில் பத்து வரை படிக்க வைத்து, சலுகை கிடைக்கும் என்று பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கும் ஏமாற்றமே. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. பெயர்ப் பலகை பழமையாக இருப்பதால் அது அரசுப் பள்ளி என்று எண்ணிவிடக் கூடாது; விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் குழந்தைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல் வந்தது. இவற்றிலும் எந்தப் பள்ளியில் படித்தது என்பதே முதற் கேள்வி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவிகித முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010ல் வந்தது. பயிற்று மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது போய்ப் பார்ப்பது?

விழா நாளில் போய்ப் பார்த்தால் தோரணந்தான் தெரியும். வேலை நாளில் போக வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் அரை மணி வாசலில் நின்றால் போதும்; பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், ஆசிரியர் யாராவது வாசலில் நிற்கிறாரா, வழியில் என்ன கடைகள் இருக்கின்றன என்பதெல்லாம் கண்ணில் படும். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கலாம். பெண்ணைச் சேர்ப்பதானால் கழிப்பிடத்தைத் தாயார் பார்த்துவிட்டு வருவது அவசியம். அது அசுத்தமாக இருந்தால், பிள்ளை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க எண் ஒன்று உண்டு. யுடைஸ் என்னும் அகில இந்தியக் கணக்கெடுப்பின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையையும் வகுப்பறை, கழிப்பிட வசதிகளையும் பார்க்கலாம். அதில் இருப்பதும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் விட நல்ல சாட்சி, அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளே. "சந்தேகம் கேட்டால் சார் சொல்லித் தருவாரா?" என்று கேட்டால் உள்ளது உள்ளபடி வந்துவிடும்.

சேர்த்த பிறகு

பிள்ளையைச் சேர்த்ததோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். காலியான ஆசிரியர் இடத்தையும், ஒழுகும் கூரையையும் எடுத்துச் சொல்ல ஏற்பட்ட இடம் அது. தனியார் பள்ளியில் கட்டணம் கட்டுகிறவர் கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. அரசுப் பள்ளிக்கும் ஜனங்கள் வரி கட்டுகிறார்கள். அங்கே மட்டும் தயக்கம் எதற்கு?

கடைசியாக ஒன்று. பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த வாசலில் தினமும் நுழையப் போவது பெற்றோர் அல்ல. தன் விருப்பத்தைக் கேட்டுச் சேர்த்த பள்ளியில் பிள்ளை படிக்கிற படிப்புக்கும், இழுத்துக்கொண்டு போய் விட்ட பள்ளியில் படிக்கிற படிப்புக்கும் வித்தியாசம் உண்டு. பார்த்து, கேட்டு, பிள்ளையோடு கலந்து முடிவு செய்கிறவர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தைக் கண்டு பயப்பட வேண்டிய காரணமில்லை.