அலை ஓய்ந்த பின்னும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மிகுதியாக உயிரிழப்பு கண்டது நாகப்பட்டினம் மாவட்டம். பிழைத்த பிள்ளைகள் பலர் கடலைக் கண்டாலே நடுங்கினர். தாளும் வண்ணமும் கொடுத்தால் அலையையே வரைந்தனர்.

"அழாதே கண்ணு, மறந்துடு" என்போம். நல்லெண்ணந்தான். ஆனால் ஏட்டில் எழுதாத கடனும் வட்டியோடு வளரும், வியாபாரிக்குத் தெரியும். அதற்காகத் துருவித் துருவிக் கேட்பதும் தவறு.

சிகிச்சை நடுவழியில் போகிறது. சிறு குழந்தைக்கு விளையாட்டும் படமுமே பேச்சு. வளர்ந்த பிள்ளைக்கு முதலில் படபடப்பை அடக்கப் பழக்குவர். பிறகே நடந்ததைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சொல்ல வைப்பர். பெற்றோரும் கூடவே பயில்வர். இம்முறைக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள்.

பல பிள்ளைகள் வீட்டு அரவணைப்பிலேயே தேறிவிடும். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசியும் உண்டு.

வெளிமாநிலத்தில் நமக்கு இன்னொரு கவலை. பிள்ளை பள்ளியில் எந்த மொழி பேசினாலும், பயந்தால் "அம்மா" என்றுதானே அலறுகிறது? "இவன் தமிழில் பேசலாமா?" என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.