உள்ளங்கையில் அடங்கிய "மூளை"!

விளையாட்டு எந்திரம் பழசானால் புதிது வாங்குவார்கள். பழைய எந்திரத்துக்கே "மூளை"யைக் கூட்டிய அதிசயம் தெரியுமா?

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1996-ல் "நின்டெண்டோ 64" என்ற எந்திரத்தை விற்பனைக்கு விட்டது. டெலிவிஷனில் இணைத்து ஆடுவது. அதன் நினைவுத்திறன் 4 மெகாபைட். 1998-ல் ஒரு சின்னஞ்சிறு பெட்டி வந்தது. எந்திரத்தின் மூடியைத் திறந்து அதைச் செருகினால் 8 மெகாபைட்!

சில ஆட்டங்களில் படம் பளிச்சென்று தெரிந்தது. 2000-ல் வந்த "பெர்பெக்ட் டார்க்" ஆட்டமோ கறார்ப் பேர்வழி! பெட்டி இல்லாத வீட்டில் கதைப் பகுதி திறக்கவே திறக்காது.

1999-ல் வந்த "டாங்கி காங் 64" ஆட்டம் பெட்டி இல்லாமல் ஓடவே ஓடாது. ஆகவே, ஆட்டத்தோடு பெட்டியையும் சேர்த்தே விற்றார்கள். புது எந்திரம் வாங்காமலே, பழைய எந்திரம் புதிதாகிவிட்டது!