பி.ஜி. சீட் கிடைச்சாச்சு... கிளாஸ் தொடங்கும் முன் என்னென்ன செய்யணும்? கடலூர், சிதம்பரம் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை!

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸும் கட்டியாச்சு. அப்புறம்? வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் இந்தச் சில வாரங்களில் கோட்டை விட்டால், பிறகு உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகம்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-ல் நடந்த மாற்றத்துக்குப் பிறகு இவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. அதனால் ஒரே கல்லூரியில் படித்த அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேறு பல்கலைக்கழகப் பட்டம் இருக்கலாம். டிகிரி வாங்கிய பல்கலைக்கழகமும் இப்போது சேரும் பல்கலைக்கழகமும் வேறு என்றால், மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும். இப்பவே விண்ணப்பிச்சிடுறது நல்லது.

டி.சி., புரொவிஷனல், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கடலூர் மாவட்டத்தில் மழை, வெள்ளம். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. நனைந்துபோன ஒரிஜினலுக்கு நகல் வாங்குவது லேசான வேலை இல்லை.

புதுமைப் பெண் பணம் பி.ஜி.க்கும் வருமா?

வராது. மாதம் 1,000 ரூபாய் தரும் இந்தத் திட்டம் இளநிலைப் படிப்பு வரைக்கும்தான். அந்தப் பணத்தை நம்பி பஸ், சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு தனி உதவித்தொகையும் இருக்கின்றன. இரண்டுக்குமே குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் புது வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இணையாத கணக்கு என்றால் பணம் வராது.

வேற காலேஜ்ல இடம் கிடைச்சா கட்டிய பணம் போச்சா?

இல்லை. யுஜிசி 2018-ல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்கள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாட்களுக்குள் விலகினால் 90%, கடைசித் தேதி முடிந்து 15 நாட்களுக்குள் 80%, 30 நாட்களுக்குள் 50%. அதன் பிறகு எதுவும் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளவும் கூடாது.

தினமும் போய் வரலாமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். ரயிலில் மாணவர் சலுகை சீசன் டிக்கெட் எடுக்கலாம். அதற்குக் கல்லூரியின் கடிதம் தேவை. கடல்சார் உயிரியல் எடுத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த மையம் அண்ணாமலை நகரில் இல்லை, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. ரூம் பார்க்கும் முன் வகுப்பு எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராகிங் நடந்தா யாரிடம் சொல்வது?

1996-ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1997-ன் அந்தச் சட்டப்படி ராகிங் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். பி.ஜி. மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் என்ன செய்யலாம்?

பி.ஜி.யில் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். முதல் செமஸ்டர் சிலபஸை வாங்கி, அதில் வரும் ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு எதிரே இளநிலையில் படித்த தமிழ்ச் சொற்களை எழுதி வையுங்கள். முதல் மாதப் பயம் பாதி குறைந்துவிடும்.

பேராசிரியர் கனவு இருக்கிறதா? நெட் தேர்வெழுத முதுநிலையில் பொதுப் பிரிவுக்கு 55%, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50% மதிப்பெண் வேண்டும். நாலு செமஸ்டரும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. முதல் செமஸ்டர்தானே என்று விட்ட மார்க்கைக் கடைசியில் பிடிப்பது கஷ்டம்.