உங்களுக்குத் தெரியுமா? – 16 வரிசைக்குள் ஒரு ராஜகோபுரம்

1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் அறிமுகமாகி, இன்று தாவலின் முகப்பில் இணையதளத்தை அடையாளம் காட்டும் ஃபேவிகான் என்னும் சிறுபடம், அதன் அடிப்படை அளவில் 16 வரிசையும் 16 நிரலுமாக 256 படப்புள்ளிகளே கொண்டது ஆதலால், 1987இல் நிறைவுற்ற திருவரங்கம் ராஜகோபுரத்தின் 13 நிலைகளை அதில் வரைந்தால் நிலை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு வரிசையே கிடைக்கும். புறவடிவம் மட்டுமே தெளிவாகத் தெரியும்.

ஃபேவிகானின் இருப்பிடம் பக்கத்தில் குறிக்கப்படாதபோது உலாவி அதைத் தளத்தின் மூல முகவரியில் தேடும். டாம்கேட் வழங்கியில் இயங்கும் ஜாவா செயலியோ பெரும்பாலும் 'கான்டெக்ஸ்ட் பாத்' எனப்படும் துணைமுகவரியின்கீழ் அமைவதால், செயலியின் கோப்புறையில் வைத்த படம் உலாவிக்குத் தானாக எட்டுவதில்லை. அத்துணைமுகவரியையும் சேர்த்துப் படத்தின் இருப்பிடத்தை 'லிங்க்' குறியால் சுட்டி, எல்லாப் பக்கங்களும் பயன்படுத்தும் பொதுத் தலைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும்.